கோடு போட்டவன்

“உத்திராபதி, நீ கோடு போடு. ராஜாங்கம் பேசட்டும்.”

கலியபெருமாள் சார் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். வகுப்பில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. உத்திராபதிக்கு மட்டும் காது மடல் சுட்டது. வானத்தில் வந்துகொண்டிருந்த அந்தக் கல்லைப் பற்றி வகுப்பில் முதலில் வாய் திறந்தவன் அவன்தான். கிளை நூலகத்தில் இங்கிலீஷ் பேப்பரையும் அகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, மறுநாள் வந்து சரிதானா என்று மறுபடி பார்த்தவனும் அவன்தான். இப்போது மைக்கைப் பிடிக்கப்போவது ராஜாங்கம்.

அது 1968, வைகாசி மாதம். இகாரஸ் என்று ஒரு குறுங்கோள் பூமிக்குப் பக்கமாக வந்து போகப்போகிறது என்று பத்திரிகையில் வந்த நாலு வரிச் செய்தி, செஞ்சிக் கடைவீதியைத் தாண்டுவதற்குள் நாற்பது வரியாகிவிட்டது. ஆனி பிறக்கும்போது கல் விழும் என்றார்கள். கடலில் விழுந்தால் திண்டிவனம் வரைக்கும் தண்ணீர் வந்துவிடும் என்றார்கள். ராஜகிரி உச்சியில் ஏறிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, “மேலருந்துதானடா வுழுது, மலமேல இருக்கறவனுக்குத்தான் மொதல்ல” என்று இன்னொருவன் அவனை அடக்கினான். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்விட்டு வந்தவர்கள், அங்கே யார் யாரோ அருள் வந்து சொன்னதையெல்லாம் பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோழியும் ஆடும் காரணமில்லாமல் வெட்டப்பட்டன. ஊர்ப் படிப்பகத்துக்காரர்கள் கலியபெருமாள் சாரிடம் வந்து, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கக் கூட்டம் போடச் சொன்னது அதனால்தான்.

சாரின் மாலை வகுப்பு, பகலில் வேலைக்குப் போகிறவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவதற்கானது. உத்திராபதி பகலில் மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டைக்கு எடை எழுதினான். ராஜாங்கம் தன் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் வாசலில் நின்றான். “வாங்கக்கா, உள்ள வந்து காத்து வாங்கிட்டுப் போங்க, துணி அப்புறம் பாத்துக்கலாம்” என்பான். காற்று வாங்கப் போனவர்கள் சேலை வாங்காமல் வந்ததில்லை. அந்தக் குரல் அப்படி. கணக்குப் பாடத்தில் உத்திராபதி மூன்று தடவை சரிபார்த்து எழுதிய விடையை ராஜாங்கம் வாங்கி, எழுந்து நின்று படிப்பான். சார் தலையை ஆட்டி, “இன்னா தெளிவு பாரு” என்பார். தெளிவு விடையில் இருந்ததா குரலில் இருந்ததா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. உத்திராபதி பார்த்தான். பார்த்துவிட்டு, ஒருவேளை குரலில்தான் இருந்ததோ என்று அவனுக்கே சந்தேகம் வரும்.

அன்றைக்கு வகுப்பு விட்டதும் ராஜாங்கம் தோளில் கை போட்டான்.

“டேய், கோவமா? எனக்கு ஒரு எழவும் தெரியாதுடா. நீதான் எல்லாம் சொல்லித் தரணும்.”

“கோவமெல்லாம் இல்ல.”

“அப்ப சொல்லு. எம்மாம் பெருசு? எம்மாம் தூரம்?”

உத்திராபதி சொன்னான். ஒரு மைல் அகலம் இருக்கலாம் என்கிறார்கள். பூமியைவிட்டு நாற்பது லட்சம் மைல் தள்ளிப் போகும். சந்திரன் இருக்கிற தூரத்தைப்போலப் பதினாறு மடங்கு. நம் பூமி சூரியனை வட்டமாகச் சுற்றுகிறது. இது நீண்டு ஒடுங்கிய பாதையில் சுற்றுகிறது. ஒரு முனை சூரியனுக்கு வெகு அருகே, மறு முனை செவ்வாய்க்கும் அப்பால். போகும்போதும் வரும்போதும் நம் பாதைப் பக்கம் வந்து போகும். ராஜாங்கம் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வெறும் எண்கள் அவன் வாய்க்குள் போனதுமே எடுப்பாகிவிட்டதை உத்திராபதி கவனித்தான்.

ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை.

இகாரஸின் பாதை நம் பாதை கிடக்கிற தளத்தில் கிடக்கவில்லை, சாய்ந்து கிடக்கிறது. பத்திரிகையில் அதற்கு ஒரே ஒரு வரிதான். அந்த வரி விளங்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசியில், அன்றைக்கு இரவு வீட்டில் அதை விளக்கியது உண்ணாமலை அக்காவின் பூத்தையல் வளையம். கல்யாணத்துக்காகத் தலையணை உறையில் கிளி தைத்துக்கொண்டிருந்தாள். துணியை இறுக்கிப் பிடிக்க ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இரண்டு மர வளையங்கள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவற்றைக் கழற்றி எடுத்தான். ஒன்றைத் தரையில் வைத்து, மற்றதை அதற்குமேல் கொஞ்சம் தள்ளிச் சாய்த்துப் பிடித்தான். நேர் மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. தலையைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கேயும் தொடவில்லை. நடுவில் விரல் நுழைகிற இடம் இருந்தது.

“இன்னாடா, என் வளையத்த வெச்சிக்கினு குட்டிக்கரணம் போடற?” என்று ஈரக் கையோடு வந்தாள் அக்கா.

“பாதைக்கா. இது பூமி. இது அந்தக் கல்லு.”

“கிளியோட கழுத்து அவுந்துபோச்சி பாரு. குடு இப்பிடி.” வாங்கிக்கொண்டவள் கேட்டாள், “கூட்டத்துல நீ பேசறியா?”

“ராஜாங்கம் பேசறான்.”

“அட, அந்தப் பையனா. அது பேசினா கேட்டுக்கினே இருக்கலாம்.”

அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. சாய்வு விஷயம் ஜனங்களுக்குப் புரியாது, சொன்னால் குழப்பம்தான், அதனால் ராஜாங்கத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று உத்திராபதி தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டான். கட்டும்போதே அது எங்கே ஆடுகிறது என்றும் அவனுக்குத் தெரிந்தது.

உண்ணாமலைக்கு இருபத்துமூன்று வயது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து, வெற்றிலை மாற்றும் அளவுக்குப் போய், நழுவிவிட்டன. மூன்றாவதாக அவலூர்பேட்டை இடம் திகைந்திருந்தது. மாப்பிள்ளை அரிகிருஷ்ணன், அப்பாவின் விதைக்கடையையே பார்த்துக்கொள்கிறவன். வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். இந்தத் தடவை நழுவினால் நாலாவது இடம் என்று ஒன்று வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கூட்டம் சந்தைத் திடலில். வெயில் இறங்கியதும் உத்திராபதி வேலையை ஆரம்பித்தான். கொத்தனார்கள் கடைக்கால் குறிக்கிற மாதிரி முளையும் கயிறும் சுண்ணாம்புத் தூளும். நடுவில் ஒரு முளை, அதன் மேல் பித்தளைச் சொம்பு, அது சூரியன். அதைச் சுற்றிக் கயிறு பிடித்து ஒரு வட்டம். அது பூமியின் பாதை. பிறகு வெகுதூரம் தள்ளி வெறுந்தரையில் இன்னொரு முளை. இரண்டு முளைக்கும் சேர்த்து ஒரு கயிற்று வளையம் மாட்டி, அதற்குள் குச்சியை விட்டு விறைப்பாக இழுத்துக்கொண்டே சுற்றி வந்தான். ஒல்லியான மீன் மாதிரி ஒரு பாதை விழுந்தது. அளவெல்லாம் முந்தின நாளே போட்டு வைத்தது. ஒரு விரற்கடை பிசகியிருந்ததைக் காலால் அழித்துத் திரும்பப் போட்டான். அழகாக வந்திருந்தது. வெள்ளை வட்டமும் வெள்ளை மீனும் இரண்டு இடத்தில் ஒன்றையொன்று கத்தரித்துக்கொண்டு கிடந்தன.

ராஜாங்கம் சலவைச் சட்டையில் வந்தான். மைக்கை விரலால் தட்டினான். கூட்டம் பேச்சை நிறுத்தியது.

“அன்புள்ள பெரியோர்களே, தாய்மார்களே” என்று அவன் ஆரம்பித்தபோது, சந்தையில் கருவாட்டுக்கடை போடுகிற அம்மாள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கல்லின் அளவைச் சொன்னான். நாற்பது லட்சம் மைலைச் சொன்னபோது கையை நீட்டி, அவ்வளவு தூரத்தையும் அந்தக் கையாலேயே காட்டினான். கூட்டத்துக்குள் ஓர் ஆறுதல் பரவுவது தெரிந்தது. வாழ்நாளெல்லாம் மண்டியில் கத்தினாலும் தனக்கு இப்படி ஒருவர்கூடத் திரும்பமாட்டார்கள் என்று உத்திராபதி நினைத்தான். சுண்ணாம்புக் கூடையோடு முளைக்குப் பக்கத்தில் நின்றான். கையெல்லாம் வெள்ளை. பார்ப்பவர்களுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவன் போலத்தான் இருந்திருக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். முகம் தெரியவில்லை. ஏதோ லாரியில் வந்தவன் என்று உத்திராபதி நினைத்தான்.

“தம்பி, ஒரு சந்தேகம். வட்டம் நம்ம ரோடு, சரி. நீட்டமா இருக்கறது கல்லு வர்ற ரோடு, சரி. ரெண்டும் ரெண்டு எடத்துல வெட்டுதே. ரோடு வெட்டிக்கினா அது கூட்ரோடு. கூட்ரோட்டுல இன்னா நடக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?”

கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்தது. அதுவரை சுண்ணாம்புக் கோலமாகக் கிடந்தது, அந்தக் கணம் முதல் கூட்ரோடாகிவிட்டது.

“போன மாசம்தான் நம்ம கூட்ரோட்டுல லாரிக்காரன் மாட்டு வண்டிய அடிச்சான்” என்றது இன்னொரு குரல்.

ராஜாங்கம் கோட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி உத்திராபதியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை அது. பக்கத்தில் இருக்கிறவனிடம் பேனா கேட்கிற மாதிரி, கொடுப்பான் என்ற நம்பிக்கையில் பார்த்தான்.

ஓர் எட்டு எடுத்து வைத்தால் போதும். ‘ரெண்டும் ஒரே தரையில் இல்லை’ என்று நாலு வார்த்தை. உத்திராபதி அந்த எட்டை எடுத்து வைக்கவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் குரல் நடுங்குமே என்ற பயம் ஒரு பக்கம். நான் சொல்லி அதுவும் தப்பாக இருந்தால் என்ற சந்தேகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் அடியில் வேறொன்று ஜில்லென்று இருந்தது. நில்லு, இன்னும் கொஞ்சம் நில்லு, அவன் முழிக்கட்டும் என்றது அது. உத்திராபதி குனிந்து, கோணாமல் இருந்த முளையை நிமிர்த்துவதுபோலப் பிடித்துக்கொண்டான்.

ராஜாங்கம் தொண்டையைக் கனைத்தான். “அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்.”

“அப்ப பாத்துக்கற அளவுக்கு இருக்குது” என்றாள் கருவாட்டுக்கடை அம்மாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை உத்திராபதி மண்டிக்குப் போகிற வழியில் திடலைப் பார்த்தான். கோடுகள் அப்படியே இருந்தன. இரண்டும் வெட்டிக்கொள்கிற இரு இடத்திலும் யாரோ எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். கற்பூரம் எரிந்த கறுப்பு. முச்சந்தியில் திருஷ்டி கழித்த இடத்தைச் சுற்றிப் போவதைப்போல ஜனங்கள் அந்தக் கோட்டை மிதிக்காமல் விலகி நடந்தார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கடைவீதியில் ராஜாங்கத்துக்குப் ‘பாத்துக்குவார்’ என்று பேர் விழுந்துவிட்டது. ஜவுளிக்கடைக்கு முன்னால் போகிறவர்கள், “இன்னா பாத்துக்குவாரு, சேல சாயம் போவுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் சிரித்தான். ஆனால் “வாங்கக்கா” என்று கூப்பிடும் குரலில் பழைய எடுப்பு இல்லை. இரண்டு நாள் அந்தப் பக்கம் வேலை இல்லாமலே உத்திராபதி நடந்து பார்த்தான். வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அந்த வெல்லத்தில் மண் விழுந்தது.

அவலூர்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பச்சைமுத்து சொல்லி அனுப்பியிருந்தார்: வைகாசியில் கல்யாணம் வேண்டாம். ஆனியில் அவர்கள் பையனுக்கு நாள் சரியில்லை. ஆடியில் செய்வதில்லை. ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம்.

“செஞ்சிக் கூட்டத்துல அவரே இருந்தாராம்” என்றார் உத்திராபதியின் அப்பா கோவிந்தசாமி. “படிச்ச பையனுக்கே பதில் சொல்லத் தெரியல, அப்ப விஷயம் இருக்குதுன்றாராம். கல்லு வுழுந்தா கல்யாணம் பண்ணி இன்னா பிரயோசனம், வுழலன்னா ஆவணில பண்ணலாம்ன்றாராம்.”

“ஆவணி வரைக்கும் இருப்பாங்களா?” என்றாள் அம்மா. ஆரணியிலிருந்து ஒரு விதைக்கடைக்காரர் தன் பெண்ணுக்காக அந்தப் பையனைக் கேட்டுக்கொண்டிருப்பது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

உண்ணாமலை தைத்துக்கொண்டிருந்த துணியை வளையத்திலிருந்து கழற்றி, நாலாக மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள். இரண்டு தடவை பழகிய கை அது. உத்திராபதி அந்தக் கையைப் பார்க்கமுடியாமல் வெளியே போய் நின்றான். அன்றைக்குத் திடலில் பின்னாலிருந்து கேள்வி கேட்ட குரல் பச்சைமுத்து மாமாவுடையதுதான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்த நாளே வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டு அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினான். விதைக்கடையில் பச்சைமுத்து மாமா மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். உத்திராபதி வளையங்களை எடுத்துப் பிடித்தான். கை தவறி மேல் வளையம் கீழ் வளையத்தில் போய் இடித்தது.

“மோதிடுச்சே தம்பி” என்றார் மாமா.

“இல்ல மாமா, கை… மோதாது மாமா. இப்பிடி சாஞ்சி… ஒரே தளத்துல இல்லாததால, அந்த… இருபத்திமூணு பாகை…”

“நீ அன்னிக்கு கோடு போட்ட ஆளு இல்ல? கையில கூடைய வெச்சிக்கினு நின்ன.”

“ஆமாங்க மாமா.”

“இவ்ளோ தெரிஞ்சவன் அன்னிக்கு வாயத் தொறக்கலியே. இன்னிக்கு ஒங்கக்கா கல்யாணம் நிக்கிதுன்னதும் வளையத்த தூக்கிக்கினு வந்துட்ட.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உத்திராபதிக்குத் தாங்கவில்லை. “தப்பா நெனச்சிக்காத. பேசின தம்பி வந்து சொல்லட்டும். அது சொன்னா மனசுக்கு எடுக்குது.”

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். தெரியாமல் நின்றவனைக் கூப்பிடுகிறார்; தெரிந்து வந்தவனைத் திருப்பி அனுப்புகிறார். ஆனால் அக்கா துணியை மடித்த கை கண்ணுக்குள்ளேயே இருந்தது. செஞ்சியில் இறங்கி நேரே ஜவுளிக்கடைக்குப் போனான்.

ராஜாங்கம் கேட்டுவிட்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “என்னாலதானடா நின்னுபோச்சி. நான் வர்றேன். சித்தப்பா, நாளைக்கு எனக்கு லீவு.”

அவன் கொஞ்சம் முறுக்கியிருந்தால் உத்திராபதிக்கு நன்றாக இருந்திருக்கும். என்னாலதான் என்று அவன் சொன்னது முள்ளாகக் குத்தியது. திருத்த வாய் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளையங்களைக் காட்டினான். மேலேயிருந்து பார், இப்போது பக்கத்திலிருந்து பார் என்றான். ராஜாங்கம் குனிந்து பார்த்தான்.

“அட, அவ்ளோதானா? ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது.”

ஒரு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டிய விஷயம். பாதி வழியில் வளத்தி ஊர் வருவதற்குள் ராஜாங்கத்துக்குப் புரிந்துவிட்டது. உத்திராபதி வளையங்களைப் பைக்குள் போட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான்.

விதைக்கடையில் ராஜாங்கம் உட்காரக்கூட இல்லை. “மாமா, அன்னிக்கு நீங்க கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியல. அதான் உண்மை. இன்னிக்குத் தெரிஞ்சிக்கினு வந்துருக்கேன்” என்று ஆரம்பித்தான். தோல்வியைக்கூட அவன் சொன்னால் பெருந்தன்மையாகிவிடுகிறது. பையிலிருந்து வளையத்தை எடுக்கப் போன உத்திராபதியைக் கவனிக்காமல், அவன் கடைக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். ரோட்டுக்குக் குறுக்கே கரண்டு கம்பி போனது.

“மாமா, இங்க வாங்க. இந்தக் கம்பியும் இந்த ரோடும் வெட்டுதா இல்லையா?”

“வெட்டுது.”

“காயிதத்துல வரைஞ்சா?”

“கூட்டல் குறி மாதிரி வரும்.”

வைக்கோல் பாரத்தோடு ஒரு வண்டி வந்தது. உச்சியில் ஒருவன் படுத்திருந்தான். வண்டி கம்பிக்கு அடியில் அசைந்து போனது. படுத்திருந்தவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“வண்டி கம்பிமேல மோதிச்சா மாமா?”

“அது எப்பிடி மோதும்? கம்பி மேல இருக்குது.”

“அவ்ளோதான் மாமா. நம்ம பாதை ரோடு. கல்லோட பாதை கம்பி. தரையில கோடு போட்டதால ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சிது. கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருபது அடி. இதுக்கு நாப்பது லட்சம் மைலு.”

பச்சைமுத்து கம்பியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். ஒரு பெருமூச்சோடு அவர் தோள் தளர்ந்தது. கடைக்குள்ளிருந்து அரிகிருஷ்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஆரணி வேண்டியிருக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

உத்திராபதிக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் கூடவே, அந்தக் கம்பி எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலும் வந்தது. செஞ்சியில் தினமும் அப்படிப்பட்ட கம்பிகளின் அடியில்தான் அவனும் நடக்கிறான்.

“சரி தம்பி” என்றார் மாமா. “இந்தத் தடவ போயிடுது. திரும்ப வருமா அது?”

“இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காது மாமா” என்றான் ராஜாங்கம், சிரித்துக்கொண்டே.

“வரும்.”

சொன்னது தான்தான் என்று உத்திராபதிக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பத்தொம்பது வருஷத்துக்கு ஒரு தரம் பக்கத்துல வரும். 1949ல கண்டுபிடிச்சாங்க. இப்ப அறுபத்தெட்டு. அடுத்து எம்பத்தேழு.” குரல் நடுங்கவில்லை. சந்தைத் திடலில் வராத குரல், இங்கே, வரக்கூடாத இடத்தில், கணீரென்று வந்தது. ராஜாங்கம் தப்பாகச் சொன்னான், நான் பிடித்துவிட்டேன் என்பதைத் தவிர அந்தக் குரலில் வேறொன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

பச்சைமுத்துவின் முகம் சுருங்கியது. விரலை மடித்தார். உத்திராபதி அந்த விரல்களையே பார்த்தான். முடிந்த காரியத்தை வாயை வைத்துக் கெடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் என்ன சொல்வேன்? உண்மையைத்தான் சொன்னேன் என்றா?

“பத்தொம்பது வருஷம்” என்றார் மாமா மெதுவாக. “அப்படின்னா இவனுக்கு அடுத்த வருஷம் பையன் பொறந்தான்னு வெச்சிக்க. அது வரும்போது என் பேரன் காலேஜி படிப்பான்.” அவர் முகம் மெல்ல விரிந்தது. “அவனே போயி பாத்துக்குவான். எனக்கு இன்னாத்துக்கு அந்தக் கவல?”

அரிகிருஷ்ணன் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டான். மாமா உட்கார்ந்து சோடா வரவழைத்தார். வைகாசி கடைசி முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம், பந்தல்காரனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு உத்திராபதியின் முதுகில் தட்டினார்.

“வருஷமெல்லாம் கரெக்டா சொல்றியே. இந்தத் தம்பி சொல்லிக் குடுத்துதா? நல்ல சேர்க்கைடா ஒனக்கு.”

“ஐயோ மாமா, தலகீழா சொல்றீங்க” என்றான் ராஜாங்கம். “எனக்கு சொல்லிக் குடுத்ததே இவன்தான். கம்பி விஷயம்கூட இவன் வளையத்துல காட்டினதுதான். நான் வெறும் வாயி.”

பச்சைமுத்து உத்திராபதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பாத்தியா. எம்மாம் அடக்கம். கத்துக்க.”

சோடா மூக்கில் ஏறி உத்திராபதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கிளம்பும்போது மாமா ராஜாங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தில் வாழ்த்துமடல் வாசிக்க வேண்டும், வேறு யார் வாசித்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ராஜாங்கம் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“டேய், பத்தொம்பது வருஷம்னு நீ போட்டியே, எனக்கு உசுரே போச்சி. ஆனா சரியான நேரத்துல சொன்ன. நான் பாட்டுக்கு வராதுன்னுட்டேன். அவரு வேற எங்கியாவது கேட்டிருந்தா மறுபடி சந்தேகம் வந்துருக்கும்.”

உத்திராபதி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். குத்திக் காட்டுகிறானோ என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்குத் திடலில் முளையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் இவன் கடைசிவரை சந்தேகப்படப் போவதில்லை. இப்படிப்பட்டவன் மேல் பொறாமைப்படுவதற்கு எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது என்று நினைத்தான். சிரமப்பட்டாலும் அது போகவில்லை.

“வாழ்த்துமடல நீ எழுதிக் குடுத்துடுடா” என்றான் ராஜாங்கம். “எனக்கு எழுத வராது.”

“யாருகிட்டயாவது வாங்கிக்க.”

“உங்கக்கா கல்யாணம்டா.”

“பாக்கலாம்.”

ராஜாங்கம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். உத்திராபதி முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுதப் போவதில்லை என்று உறுதியாக முடிவு செய்தான். செஞ்சிக் கோட்டைச் சுவர் கண்ணில் பட்டபோது முதல் வரி தானாக வந்து நின்றது. நல்ல வரி. உண்ணாமலையின் பேர் அதில் சரியான இடத்தில் விழுந்திருந்தது. இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ராஜாங்கத்தின் குரலில் கேட்டது. தன் குரலில் சொல்லிப் பார்த்தான். வரி அப்படியேதான் இருந்தது, ஆனால் கேட்கவில்லை.